குப்பைக் கூடையும் குழந்தையின் கையும்

(யூபிலி ஆண்டுக் குடும்ப விழாவில் ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"கழிக்கப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு சிறு பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து கலைப்பொருள் செய்தல்" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்பு நீளமானது, விஷயம் நம் அடுப்படியிலும் கொல்லைப்புறத்திலும் கிடப்பது. காலையில் கத்தரித்த பால் உறை, பிள்ளை தின்ற பிஸ்கட்டின் மேலுறை, திருவிழாவுக்கு வந்த மாமன் குடித்துவிட்டு வைத்த சோடா பாட்டில், தக்காளித் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட சொட்டுநீர்க் குழாய், இவற்றைப் பற்றித்தான் பேச்சு.

குப்பையிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்வது நமக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டிய வித்தை அன்று. இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் நுங்கு வண்டி ஓட்டாதவர் யார்? நுங்கைச் சுவைத்தபின் மிஞ்சும் இரண்டு கூந்தல்கள், அவற்றின் நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவைக்கோல். சோளத்தட்டையில் மாட்டு வண்டி கட்டினோம். பாக்கு மட்டையில் தங்கையை உட்கார வைத்து இழுத்தோம். பப்பாளி இலைக் காம்பில் ஊதல், பூவரச இலையில் பீப்பீ. தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்து வண்டிச் சக்கரம் செய்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அறுக்கக் கூடாத செருப்பை அறுத்து உதை வாங்கியவர்களும் இருப்பார்கள்.

அந்த விளையாட்டுப் பொருள்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் அவை மண்ணாகிவிடும், அல்லது மாடு தின்றுவிடும். செருப்புச் சக்கரம் ஒன்றுதான் விதிவிலக்கு. இன்று வீட்டில் கழிபவை எல்லாமே அந்தச் செருப்பின் ஜாதியாகிவிட்டன. மாட்டுக்குக் கொடுக்க முடியாது; கொடுக்காவிட்டாலும் அது தின்றுவிடுகிறது, தின்று வயிறு உப்பி மடிகிறது. மண்ணில் புதைத்தால் வேருக்குள் நீர் இறங்காது.

பிளாஸ்டிக்கை நாம் பகைவனாக வரவேற்கவில்லை. எழுபது, எண்பதுகளில் நம் பெண்கள் வயர் கூடை பின்னியதை நினைத்துப் பாருங்கள். மாலை நேரத்தில் திண்ணையில் இரண்டு பேர், மூன்று பேர் கூடி உட்கார்ந்து, ஒருத்தி சிவன் கண் பின்னல் போட, இன்னொருத்தி நெல்லிக்காய் முடிச்சைப் பார்த்துப் படிக்க, ஒரு வாரத்தில் ஒரு கூடை முடிந்துவிடும். அந்தக் கூடை இருபது வருஷம் சந்தைக்குப் போய்வந்தது. கைப்பிடி அறுந்தால் கைப்பிடியை மட்டும் மாற்றினார்கள். அதுவும் பிளாஸ்டிக்தான். ஒரே நிமிஷம் பயன்படுத்தி எறிகிற வழக்கத்தை நாம் பிற்பாடு கற்றுக்கொண்டோம்.

உலகத்தில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சிறு செய்தி. கடையில் கிடைக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை 1960-களில் வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்ற பொறியாளர். காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுகின்றன, உறுதியான ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அவருடைய எண்ணமாக இருந்ததாக அவர் மகன் கூறியிருக்கிறார். இன்னொருவர் அமெரிக்கர், நத்தானியேல் வைத். வாயு நிறைந்த பானத்தின் அழுத்தத்தைத் தாங்கும் பெட் பாட்டிலுக்கு 1973-இல் காப்புரிமை பெற்றவர். அவருடைய தந்தை புகழ்பெற்ற சித்திரக்காரர். தம்பி ஆண்ட்ரூ வைத் அதைவிடப் புகழ்பெற்ற ஓவியர். ஓவியக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் பாட்டில் செய்யப் போனார்!

அந்தப் பாட்டிலை நான் வேண்டுமென்றேதான் குறிப்பிட்டேன். சோடா, கலர் வரும் பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து இதழ்கள் கொண்ட பூவைப் போல் இருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. உள்ளே வாயு அழுத்தும்போது தட்டையான அடிப்பாகம் வெளியே புடைத்துக்கொள்ளும், பாட்டில் நிற்காது. ஐந்து மடிப்பாகச் செய்தால் அழுத்தத்தையும் தாங்கும், ஐந்து காலில் நேராகவும் நிற்கும். இதை ஒரு நான்கு வயதுக் குழந்தையிடம் கொடுத்து, "இது என்ன கண்ணு?" என்று கேளுங்கள். "பூ" என்று சொல்லும். இன்னொன்று "நட்சத்திரம்" என்று சொல்லும். அவ்வளவுதான், கலை ஆரம்பமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம் ஏன் அப்படி இல்லை என்று எட்டு வயதுப் பையன் கேட்டால் விஞ்ஞானமும் ஆரம்பமாகிவிட்டது.

இப்போது ஒரு கசப்பான விஷயம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்களில் "வேஸ்ட் மெட்டீரியலில் ஒரு பொருள் செய்து வா" என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். நல்ல நோக்கந்தான். நடப்பது என்ன? ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத் தந்தை கடைக்கு ஓடுகிறார். புதிய தெர்மாகோல் அட்டை, புதிய ஜிகினாத் தூள், பசை, வர்ணக் காகிதம். என் பேரன் வகுப்பில் ஒரு பையனுக்காக, வீட்டில் காலிப் பாட்டில் இல்லையென்று, புதிதாக மூன்று பாட்டில் வாங்கிப் பானத்தைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள். தாய் உட்கார்ந்து நள்ளிரவு வரை வெட்டி ஒட்டுகிறாள். பிள்ளை தூங்குகிறது. காலையில் மதிப்பெண் பிள்ளைக்கு. மறுவாரம் அத்தனையும் பள்ளிக் கொல்லையில் குவிந்து கிடக்கிறது. குப்பையிலிருந்து கலை செய்யப் புறப்பட்டு, கலையிலிருந்து குப்பை செய்து முடித்தார்கள்.

இதில் ஒரு நுட்பமான தீங்கும் உண்டு. வெறும் பாட்டிலாக இருந்தவரை அதற்கு விலை இருந்தது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்தவரை நமக்கு நினைவிருக்கும். இன்று பழைய பிளாஸ்டிக்குக்கு உப்பும் வெங்காயமும் கொடுத்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் அங்கே போனால் உருக்கி மறுபடியும் நூலாகவோ வேறு பொருளாகவோ ஆகும். அதன்மேல் பசையும் தெர்மாகோலும் ஜிகினாவும் ஒட்டிவிட்டால் பழைய பொருள் கடைக்காரர் கையால் தொடமாட்டார். ஆகவே முதல் விதியாக நான் சொல்வது: ஒட்டாதீர்கள், கட்டுங்கள். தையுங்கள், பின்னுங்கள், கோத்துவிடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிப்பதும் இல்லை. போஸ்டர் வர்ணம் காய்ந்ததும் செதிள் செதிளாக உதிர்ந்துவிடும். கட்டிய பொருளை ஆறு மாதம் கழித்து அவிழ்த்துவிடலாம். பாட்டில் பாட்டிலாகவே கடைக்குப் போகும்.

கட்டுவதும் பின்னுவதும் நம் வீடுகளில் இல்லாத வித்தையா? நம் மாவட்டத்தில் சாமந்தியும் மல்லியும் விளைகின்றன. பூக்கட்டத் தெரியாத பாட்டி இல்லை. பிஸ்கட் உறைகளையும் மிட்டாய்த் தாள்களையும் கழுவித் துடைத்து விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டிரண்டாக மடித்து, மல்லிகை கட்டுவதைப் போலவே நூலில் கட்டச் சொல்லுங்கள். உள்புறம் வெள்ளி, வெளிப்புறம் சிவப்பும் நீலமும். வர்ணம் பூச வேண்டியதே இல்லை; வர்ணம் கம்பெனிக்காரன் ஏற்கெனவே பூசிக் கொடுத்துவிட்டான். பேத்தி நறுக்குவாள், பாட்டி கட்டுவாள். பத்து முழம் கட்டியபின் பேத்திக்கும் பூக்கட்ட வந்துவிடும்.

பால் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீரில் கழுவிக் கொடியில் காயப் போடுங்கள். கழுவாமல் வைத்தால் மறுநாள் நாற்றம் தாங்காது, அப்புறம் வீட்டில் யாரும் இந்தக் கலையின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். காய்ந்தபின் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாகக் கத்தரிக்க வேண்டும். மூன்று நாடா சேர்த்துச் சடை பின்னுவதைப் போல் பின்னினால் கயிறு. கயிற்றை வட்டமாகச் சுருட்டி ஊசி நூலால் தைத்துக்கொண்டே போனால் பாத்திரம் வைக்கும் வளையம். இன்னும் தைத்தால் உட்காரும் தடுக்கு. ஒரு தடுக்குக்கு எத்தனை உறை வேண்டும் என்று பிள்ளைகளே எண்ணட்டும். ஒரு குடும்பம் மாதத்துக்கு எவ்வளவு கழிக்கிறது என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். நான் நூறு முறை பிரசங்கம் செய்தாலும் தெரியாது.

சொட்டுநீர்க் குழாய் நம் பக்கத்துச் சரக்கு. பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டங்களில் பழைய குழாய் எவ்வளவு கிடக்கிறதென்று விவசாயிகளுக்குத் தெரியும். உரம் கலந்த நீர் ஓடிய குழாய் ஆதலால் பெரியவர்கள் நன்றாக அலசிக் கொடுக்க வேண்டும். அங்குலத் துண்டுகளாக நறுக்கினால் சிறுவர்களுக்கு அவை கருப்பு மணிகள். நீளத் துண்டை வளைத்து இரு முனையையும் ஒரு குச்சியால் இணைத்தால் வளையம், சக்கரம். அதைக் கொண்டு ஒரு பையன் யானை செய்தால் அது யானைதான். தும்பிக்கை எங்கே என்று நீங்கள் கேட்கக் கூடாது.

ஒகேனக்கல் பரிசலை மறந்துவிடக் கூடாது. மூங்கில் கூட்டின்மேல் முன்பு தோலைப் போர்த்திய இடத்தில், பின்னாளில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசிக் காவிரியில் விட்டார்கள். நம் மாவட்டத்து மனிதர் கையில் கிடைத்ததைக் கொண்டு உயிரையே சுமக்கும் பாத்திரம் செய்தவர்.

இந்தத் துறையில் நம் நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-இல் பொறியியல் பட்டம் பெற்று, புனேயில் லாரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே 1972 முதல் சில ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து, சோதனைச்சாலை இல்லாத பள்ளியில் பிள்ளைகள் தம் கையால் செய்து விஞ்ஞானம் படிக்கும் திட்டம் ஒன்றை நடத்திவந்தார்கள். வாரச் சந்தைக்குப் போன குப்தாவின் கண்ணில் பட்டது சைக்கிள் வால்வுக் குழாய். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தீக்குச்சிகளை அதில் செருகினார். மூன்று குச்சி, ஒரு முக்கோணம், அழுத்தினாலும் உருமாறாது. நான்கு குச்சி, ஒரு சதுரம், அழுத்தினால் சாய்ந்துவிடும். கூரைச் சட்டத்தை ஏன் முக்கோணமாகக் கட்டுகிறார்கள் என்பது பிள்ளையின் விரலுக்கே புரிந்துவிட்டது. 1987-இல் அந்தத் தீக்குச்சி மாதிரிகளைப் பற்றிய புத்தகம் வந்தது. அதன்பின் காலி பேனாக் குழாய், பாட்டில் மூடி, பழைய டப்பா என்று நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்துகாட்டி, யாரும் இலவசமாகப் பார்த்துச் செய்யும்படி இணையத்தில் வைத்தார். 2018-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அவருடைய பொருள்களில் எனக்குப் பிடித்த குணம், அவை உடையக்கூடியவை என்பது. கடையில் வாங்கிய பொம்மையைப் பிள்ளை உடைத்தால் அடிக்கிறோம். தானே செய்ததை அது தானே பிரித்துப் பார்க்கலாம்.

அதே 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற இன்னொருவர் நம் மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். கழிவு பிளாஸ்டிக்கைத் துருவி, சூடான ஜல்லியின்மேல் பூசி, தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டவர். மலைபோல் குவியும் பிளாஸ்டிக்கைக் கரைக்க அவ்வகை வழிகள் வேண்டும். பிள்ளைகள் செய்யும் பூமாலையால் ஊர்க் குப்பை தீராது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பதில் உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்களும் லம்பாடி மக்களும் வாழும் இடம். 1993-இல் மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் ஒரு கூரைக் குடிசையில் அங்கே மருத்துவமனை ஆரம்பித்தார்கள். பிற்பாடு அவ்விடத்தில் துளிர் என்ற கல்வி மையம் எழுந்தது; பாடப் புத்தகத்தோடு மூங்கில் வேலையும் தையலும் பிற கைத்தொழில்களும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். லம்பாடிப் பெண்களின் பூவேலைத் தையல் அங்கே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. வயதான ஓரிருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர்கள் அருகே இளம் பெண்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். இன்று அது போர்கை என்ற பெயரில் பல பெண்களுக்குத் தொழிலாகியிருக்கிறது. கைவேலை புத்தகத்தில் இறங்குவதில்லை. அது ஒரு கிழவியின் விரலிலிருந்து ஒரு சிறுமியின் விரலுக்கு, பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டுமே இறங்குகிறது. அந்த உட்காருதல் நின்று ஒரு தலைமுறை ஆனால் வித்தை போயிற்று.

நம் வீடுகளின் நிலை என்ன? பல தந்தையர் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை செய்கிறார்கள். மாதம் ஒருமுறை, சிலர் திருநாளுக்கு மட்டும் வருகிறார்கள். வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கார். இரண்டு நாளில் அதன் சக்கரம் கழன்றுவிடும், தந்தையும் பஸ் ஏறிவிடுவார். அந்த இரண்டு நாளில் ஒரு மாலையை, ஒரே ஒரு மாலையை, பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, கழன்ற சக்கரத்தையும் நான்கு பாட்டில் மூடியையும் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு ஏதாவது செய்யுங்கள் என்று அந்தத் தந்தையரை நான் கேட்டுக்கொள்கிறேன். கோணலாகத்தான் வரும். அவர் போனபின் அந்தக் கோணல் வண்டியைப் பிள்ளை தூக்கி எறியாது.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்று ஓர் ஊர். 1945-இல் போர் முடிந்தபோது அதன் அருகே ஒரு கிராமத்து மக்கள், ஓடிப்போன ஜெர்மானியப் படை விட்டுச்சென்ற ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை விற்றுத் தம் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். இடிந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல், ஞாயிற்றுக்கிழமை உழைப்பு. லோரிஸ் மலாகுட்சி என்ற ஆசிரியர் இதைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் போய்ப் பார்த்தார், அங்கேயே ஒட்டிக்கொண்டார். அந்த ஊரின் மழலைப் பள்ளிகள் உலகப் புகழ் பெற்றுவிட்டன. 1996-இல் அங்கே ஒரு கிடங்கு திறந்தார்கள். சுற்றியுள்ள தொழிற்சாலைகள் கழிக்கும் துண்டு பிளாஸ்டிக், துணி, அட்டை, கம்பி எல்லாவற்றையும் வகைபிரித்து, கடைபோல் அழகாக அடுக்கிவைக்கிறார்கள். ஆசிரியர்கள் வந்து எடுத்துப்போகிறார்கள். குப்பையாகக் கொட்டினால் குப்பை, நிறம் நிறமாக அடுக்கினால் சரக்கு! நம் பங்கு மண்டபத்தில் ஒரு மூலையும் நான்கு பழைய தக்காளிக் கிரேட்டும் போதும் இதற்கு. பாடகர் குழுவுக்கும் ஒரு செய்தி: பராகுவே நாட்டில் கதேயுரா என்னும் குப்பைமேட்டை ஒட்டி வாழும் பிள்ளைகள் எண்ணெய் டிரம், அடுப்புத் தட்டு இவற்றால் செய்த வயலினும் செல்லோவும் வாசித்து உலகம் சுற்றியிருக்கிறார்கள்.

தாய்மார்களுக்குச் சில எச்சரிக்கைகள். பூச்சிமருந்து டப்பாவையும் உர மூட்டையின் உறையையும் எத்தனை முறை கழுவினாலும் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். ஊசி, மருந்துக் குழாய், பேட்டரி கூடவே கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் மூடிகளைக் கொடுத்தால் வாயில் போட்டு விழுங்கிவிடும். பையைத் தலையில் மாட்டி விளையாட விடாதீர்கள். பாட்டிலைப் பெரியவர்களே வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி நாடா சுற்றிக் கொடுங்கள். பிளாஸ்டிக்கையோ தெர்மாகோலையோ சூடுகாட்டி வளைக்க வேண்டாம்.

சூடு என்றதும் மிக முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். மாலை நேரத்தில் நம் தெருக்களில் வாசல் பெருக்கிய சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துகிறோம். அருகே குழந்தைகள் குளிர்காய்கிறார்கள். பி.வி.சி. எனப்படும் வகையில் குளோரின் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பேனர், ஒயர் மேலுறை எல்லாம் அதுதான். மந்தமான நெருப்பில் அது எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு பிறக்கிறது. புகை கலைந்துவிடுகிறது, நஞ்சு கலைவதில்லை. மண்ணிலும் மேயும் மாட்டின் பாலிலும் சேர்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டு விதிகளே தடுத்தன. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கையில் கொடுத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலிலும், பிளாஸ்டிக்கைக் குறைப்பதும் குப்பையைப் பிரிப்பதும் போன்ற வீட்டுச் செயல்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். சட்டம் வந்தும் புகை நிற்கவில்லை. கையால் கழுவி, நறுக்கி, பின்னிய ஒரு பொருளை எந்தப் பிள்ளையும் நெருப்பில் போடப் பார்த்துக்கொண்டிருக்காது. "பாட்டி, அதைக் கொளுத்தாதே" என்று கையைப் பிடிக்கும். என் அனுபவத்தில் பாட்டிகள் அதிகாரிக்குக் கட்டுப்படுவதில்லை, பேத்திக்குக் கட்டுப்படுவார்கள்.

யூபிலி நிறைவு விழாவுக்கு வாசல் வளைவு வைக்க ஃப்ளெக்ஸ் அச்சடிப்பதாகப் பேச்சு நடப்பதாகக் கேள்வி. மூங்கில் வளைவு கட்டப் பந்தல் வேலை தெரிந்த ஆண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதன்மேல் சுற்ற உறைமாலை, நடுவே ஐந்திதழ் நட்சத்திரங்கள் போதும் என்பது என் எண்ணம். முடிவு செய்ய வேண்டியவர்கள் பங்குப் பேரவையினர். அடுத்த ஞாயிறு மாலை மூன்று மணிக்கு மண்டபத்தில் உட்காருவோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கழுவிக் காயவைத்த பால் உறை பத்து, ஊசி ஒன்று, நூல்கண்டு ஒன்று, முடிந்தால் ஒரு பாட்டி. கத்தரிக்கோலை நான் கொண்டுவருகிறேன்.